ஷிப்ட் டெலீட் அடிச்ச போட்டோ திரும்ப வருமா?

கேள்வி: பையனோட பிறந்தநாள் போட்டோ ஃபோல்டரை தெரியாம ஷிப்ட் டெலீட் அடிச்சுட்டேன், ரீசைக்கிள் பின்லயும் இல்ல. என்ன பண்றது?

பதில்: மொதல்ல அந்த கம்ப்யூட்டர்ல எதையும் காப்பி பண்ணாதீங்க, பிரவுசர் கூட தொறக்காதீங்க. டெலீட் பண்ணதும் ஃபைல் உடனே அழியாது, இந்த இடம் காலின்னு விண்டோஸ் குறிச்சு வைக்குது அவ்வளவுதான், அதுமேல வேற ஏதாவது எழுதினாதான் நிஜமாவே போச்சு. வேற கம்ப்யூட்டர்ல போட்டோரெக்னு (PhotoRec) டெலீட் ஆன ஃபைலை மீட்கிற சாஃப்ட்வேரை இறக்கி பென்டிரைவ்ல போட்டு அதுலேர்ந்தே ஓட்டுங்க, இலவசம்தான், மீட்ட படங்களையும் வெளி டிஸ்க்லயே சேவ் பண்ணுங்க. பழைய பேரெல்லாம் போயி வெறும் நம்பரா வரும், பொறுமையா பிரிக்கணும். உங்க கம்ப்யூட்டர்ல இருக்கிறது ஹார்ட் டிஸ்க் இல்லாம எஸ்எஸ்டியா (சிப்ல சேமிக்கிற டிஸ்க்) இருந்தா ட்ரிம்னு ஒரு வசதி காலி இடத்தை தானா துடைச்சுடும், அப்ப வாய்ப்பு ரொம்ப கம்மிதான். படம் எடுத்த கேமரா மெமரி கார்டு இருக்கா? அதுலயும் ஓட்டிப் பாருங்க, அங்க கிடைக்க நல்ல வாய்ப்பிருக்கு.