இரண்டு மாதமாக மார்பு வீக்கம், அக்குளில் நெறிகட்டி, காரணம் தெரியவில்லை. அடுத்து என்ன செய்வது?

கேள்வி இது: வயது 34. இடது மார்பு இரண்டு மாதமாக வீங்கிக் கனத்துக் கிடக்கிறது, அதே பக்க அக்குளில் நெறி கட்டியிருக்கிறது. ஸ்கேனில் 'ரியாக்டிவ் நோட்' (ஏதோ கிருமிக்கோ அழற்சிக்கோ எதிர்வினையாக வீங்கிய நெறி) என்று வந்தது. ஊசி டெஸ்டில் புற்று செல் இல்லை. இரண்டு கோர்ஸ் ஆன்டிபயாடிக் முடித்தும் வீக்கம் வற்றவில்லை. டாக்டர்கள் "ஒன்றுமில்லை" என்கிறார்கள்.

இரண்டு மாதம் வற்றாத வீக்கத்துக்கு 'ஒன்றுமில்லை' என்பது பதில் ஆகாது. இப்படி இழுத்தடிக்கும் கேஸ்களில் பெரும்பாலும் கோளாறு ஒரே இடத்தில்தான்: போதுமான அளவு சதை எடுக்கப்பட்டிருக்காது, அல்லது எடுத்த சதை தவறான பாட்டிலில் போயிருக்கும்.

முதலில் கையில் இருக்கும் ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பிரித்துப் பாருங்கள். நெறிகட்டி எத்தனை சென்டிமீட்டர் என்றுதான் எல்லோரும் பார்ப்பார்கள். நீளத்தை விட முக்கியமானது அதன் வடிவமும் உள் அமைப்பும். அவரைக்கொட்டை போல நீள்வட்டமாக, நடுவில் கொழுப்பு வெள்ளையாகத் தெரிந்து, சுற்றியுள்ள விளிம்பு ('கார்டெக்ஸ்' என்று எழுதியிருப்பார்கள்) 3 மில்லிமீட்டருக்குள் இருந்தால், 2 சென்டிமீட்டர் நீளம் இருந்தாலும் பெரும்பாலும் பயமில்லை. உருண்டையாகி, நடுக் கொழுப்பு மறைந்து, விளிம்பு தடித்திருந்தால் 1 சென்டிமீட்டர் நெறிக்கும் ஊசி டெஸ்ட் எடுத்தே ஆகவேண்டும். ரிப்போர்ட்டில் இந்த விவரமே இல்லையா? மார்பு ஸ்கேனில் பழக்கமுள்ள ரேடியாலஜிஸ்ட்டிடம் மறுபடி எடுப்பது நல்லது. கூடவே மேமோகிராமும் (மார்பகத்துக்கான எக்ஸ்ரே) எடுக்கச் சொல்வார்கள். அன்று அக்குளில் பவுடர், டியோடரன்ட் வேண்டாம். படத்தில் சுண்ணாம்புப் புள்ளி போலத் தெரிந்து குழப்பும்.

ரிப்போர்ட்டின் அடியில் 'பைராட்ஸ்' என்று, புற்று சந்தேகம் எவ்வளவு என்பதைக் காட்டும் ஓர் எண் இருக்கும். 3 என்றால் புற்றுக்கான வாய்ப்பு 2 சதவீதத்துக்குள். 4 என்றால் 2 முதல் 95 சதவீதம் வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். 4ஏ, 4பி, 4சி என்று பிரித்திருக்கிறார்களா பாருங்கள். 4, 5 இரண்டுக்கும் சதை டெஸ்ட் கட்டாயம். 0 என்றால் 'நார்மல்' என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். படம் போதவில்லை, இன்னும் எடுக்கவேண்டும் என்று அர்த்தம்.

கை விரலில் நகச்சுற்று, அக்குள் முடி மழித்த இடத்தில் கொப்புளம், பூனைக் கீறல், அந்தக் கையில் போட்ட தடுப்பூசி ஆகியவற்றாலும் நெறி கட்டும். தடுப்பூசி, நகச்சுற்று வகையறா சில வாரங்களில் அடங்கிவிடும்; மார்பையும் சேர்த்து இரண்டு மாதம் வீங்க வைக்காது. இன்னொன்று, அக்குளில் தட்டுப்படுவது நெறியே இல்லாமல், பிறவியிலேயே அங்கு தங்கிவிட்ட மார்புத் திசுவாகவும் இருக்கலாம். மாதவிலக்குக்கு முன் உப்பி, பிறகு சுருங்கும். பிரசவத்துக்குப் பின் பால் கட்டிக்கொள்ளும். ஸ்கேனில் உடனே தெரிந்துவிடும்.

உங்களுக்கு எடுத்த ஊசி டெஸ்ட் மெல்லிய ஊசியால் செல்களை மட்டும் உறிஞ்சி எடுக்கும் எஃப்.என்.ஏ.சி.யாகத்தான் இருக்கும். அதில் புற்று செல் வந்தால் அதை நம்பலாம், வராவிட்டால் புற்று இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது. அடுத்து கேட்கவேண்டியது கோர் பயாப்ஸி, அதாவது தடித்த ஊசியால் சதைத் துண்டே எடுக்கும் டெஸ்ட். மார்புக்குப் பொதுவாக 14 கேஜ் ஊசி. மரத்துப்போக லிக்னோகெய்ன் போட்டு, ஸ்கேன் திரையைப் பார்த்தபடி, ஸ்டேப்ளர் அடிக்கிற மாதிரி 'டக்' சத்தத்தோடு நாலைந்து துண்டு எடுப்பார்கள். ஒவ்வொன்றும் சேமியாத் துண்டு கனம் இருக்கும். பத்து பதினைந்து நிமிடம் அழுத்திப் பிடித்துவிட்டு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் முன்கூட்டியே சொல்லவேண்டும். "ஊசி குத்தினால் பரவிவிடும்" என்று சொந்தக்காரர்கள் சொல்வதைக் கேட்டுத் தள்ளிப்போடாதீர்கள்.

இனி பாட்டில் விஷயம். வழக்கமாக எல்லாத் துண்டும் ஃபார்மலினில் போகும். நுண்ணோக்கியில் பார்க்க அது வேண்டும். ஆனால் ஃபார்மலின் பட்டால் கிருமி செத்துவிடும், கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்ப்பது) வராது. அதனால் முதல் துண்டு எடுக்கும் முன்பே சொல்லிவையுங்கள்: பாதி ஃபார்மலினில், பாதி வெறும் சலைனில். சலைன் பாட்டில் அன்றே லேபுக்குப் போய், டி.பி. கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட், டி.பி. கல்ச்சர், சாதாரண பாக்டீரியா கல்ச்சர் மூன்றும் செய்யப்படவேண்டும். சிபிநாட் மெஷினில் ஏற்றியபின் சுமார் இரண்டு மணி நேரம், டி.பி. கல்ச்சர் ஆறு வாரம் வரை ஆகும். சிபிநாட் நெகட்டிவ் வந்தாலும் கல்ச்சருக்குக் காத்திருங்கள்.

இதை இவ்வளவு அழுத்துவதற்குக் காரணம், உங்கள் வயதில் இந்த மாதிரி வீக்கத்துக்கு ரிப்போர்ட்டில் 'கிரானுலோமா' (அழற்சி செல்கள் திரண்ட சிறு முடிச்சு) என்று வருவது இங்கே அபூர்வமல்ல. அந்த ஒரு சொல்லை வைத்தே ஆறு மாத டி.பி. மாத்திரையை ஆரம்பித்துவிடுகிறார்கள். கிரானுலோமா டி.பி.யாலும் வரும், டி.பி. கிருமி இல்லாத கிரானுலோமேட்டஸ் மாஸ்டைடிஸ் என்ற மார்பு அழற்சியாலும் வரும். பின்னது பிரசவமாகிச் சில வருடங்களுக்குள் இருக்கும் பெண்களுக்கே அதிகம். பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் ஹார்மோன் கூடியிருந்தாலும் வரலாம். அதற்குக் கொடுப்பது ஸ்டீராய்டு, மெத்தோட்ரெக்சேட் போன்றவை. அடங்க மாதக்கணக்கில் ஆகும். அவசரப்பட்டுத் திரும்பத் திரும்பக் கத்தி வைத்தால் புண் ஆறாமல் ஓட்டை விழும். டி.பி. இருப்பவருக்கு அது தெரியாமல் ஸ்டீராய்டு மட்டும் கொடுத்தால் நோய் பரவும். இரண்டின் வைத்தியமும் எதிரெதிர் திசை. இந்த மாஸ்டைடிஸோடு சேர்ந்து காணப்படும் கொரினிபாக்டீரியம் வகைக் கிருமி ஒன்று மெதுவாகத்தான் வளரும், இரண்டு நாள் கல்ச்சரில் தப்பிவிடும். கல்ச்சர் பிளேட்டைக் கூடுதல் நாள் வைக்கச் சொல்லிக் கேட்கலாம்.

டி.பி. என்று உறுதியானால் அரசு மருத்துவமனையில் மாத்திரை இலவசம். நடுவில் நெறி பெரிதாகவோ புதிதாகவோ கட்டினால் மருந்து வேலை செய்யவில்லை என்று நினைத்து நிறுத்தாதீர்கள், சிலருக்கு அப்படித்தான் வீங்கி அடங்கும். டாக்டரிடம் காட்டுங்கள்.

சதை எடுக்கும் வரை 'ஒரு கோர்ஸ் போட்டுப் பார்க்கலாம்' என்று வரும் இரண்டு மருந்துகளைத் தவிருங்கள். ஒன்று ஸ்டீராய்டு, அது லிம்ஃபோமாவை (நெறியிலேயே தொடங்கும் புற்று) மறைத்துவிடும். மற்றது லீவோஃப்ளாக்சசின் வகை ஆன்டிபயாடிக், அரைகுறையாக டி.பி. கிருமியைத் தாக்கி டெஸ்டைக் கெடுக்கும்.

காத்திருக்கவே கூடாத நிலை ஒன்று உண்டு. மார்பின் தோல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சிவந்து, ஆரஞ்சுத் தோல் போலக் குழிகுழியாகி, சில வாரங்களிலேயே வீங்கியிருந்தால் அழற்சி வகைப் புற்றா என்று பார்க்கவேண்டும். அதில் கட்டி என்று தனியாகத் தட்டுப்படாமலே போகலாம், மேமோகிராமிலும் தெரியாமல் போகலாம். ஆன்டிபயாடிக்குக்கு ஒரு வாரம் பத்து நாளில் கேட்கவில்லை என்றால் கோர் பயாப்ஸியோடு தோலிலிருந்தும் 'பஞ்ச்' (சிறு வட்டத் துண்டு) எடுக்கவேண்டும். உங்களுக்கு இரண்டு கோர்ஸ் ஆகிவிட்டது.

கழுத்து, தொடையிடுக்கிலும் நெறி கட்டி, ராத்திரி வேர்த்து, எடை குறைந்தால் லிம்ஃபோமா சந்தேகம். அதற்கு ஒரு நெறியை முழுசாகவே எடுத்து அனுப்பவேண்டும்.

ரத்தத்தில் சி.பி.சி. (ரத்த அணுக்களின் எண்ணிக்கை), சர்க்கரை, எச்.ஐ.வி., புரோலாக்டின், கூடவே நுரையீரலைப் பார்க்க நெஞ்சு எக்ஸ்ரே போதும். சி.ஏ. 15-3 என்ற ரத்த டெஸ்ட் மார்புப் புற்றைக் கண்டுபிடிக்கும் டெஸ்ட் அல்ல, காசு வீண். டி.பி.க்காகத் தோலில் போடும் மாண்டூ ஊசி தடித்தால் எப்போதோ டி.பி. கிருமி உடம்புக்குள் போயிருக்கிறது என்றுதான் பொருள். நம் ஊரில் அதை வைத்து முடிவெடுக்க முடியாது. போகவேண்டியது மார்பு அறுவை நிபுணர் அல்லது ஜெனரல் சர்ஜன். 

ஸ்கேன் பைராட்ஸ் 4 என்று சொல்லி, பயாப்ஸி 'சாதாரண அழற்சி' என்று வந்தால் இரண்டும் பொருந்தவில்லை, மறுபடி எடுக்கவேண்டும். நெறியில் புற்று வந்து மார்பில் ஒன்றும் தெரியாவிட்டால் எம்.ஆர்.ஐ. வேண்டும். ரிப்போர்ட் தாளோடு நிறுத்தாமல் ஸ்லைடையும் மெழுகு பிளாக்கையும் லேபில் கேட்டு வாங்கினால் வேறு பேதாலஜிஸ்ட் புதிதாக வெட்டிப் பார்க்கலாம். பயாப்ஸி ஃபாரத்தில் 'லெஃப்ட் பிரெஸ்ட்' என்று இரண்டு வார்த்தை மட்டும் எழுதி அனுப்ப விடாதீர்கள். எத்தனை நாள் வீக்கம், என்னென்ன மருந்து, கடைசிப் பிரசவம் எந்த வருடம், பால் கொடுக்கிறீர்களா, வீட்டில் யாருக்காவது டி.பி. இருந்ததா என்பதை நாலு வரியில் எழுதச் சொல்லுங்கள்.