கை நுழையாத இன்ஜின் பெட்டி: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் ஃபைபர் படகில் இரண்டு சிலிண்டர் டீசல் இன்ஜின். கடல்தண்ணீர் பம்பின் மூடி பலகைத் தடுப்பை ஒட்டி இருக்கிறது. எட்டிப் பார்த்தால் கை போகவில்லை, கையை விட்டால் கண்ணுக்குத் தெரியவில்லை. பம்புக்குள் சுற்றித் தண்ணீரைத் தள்ளும் ரப்பர் இறக்கைச் சக்கரத்தை, அதாவது இம்பெல்லரை, தொடாமலே ஓட்டினால் என்ன?
– வாசகர், தூத்துக்குடி

பதில்: கிழியும்வரை ஓடும். அது கிழிவது கரையில் அல்ல, நடுக்கடலில்தான். ரப்பர் இம்பெல்லரை வருஷத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். கையேட்டில் சொன்ன ஓட்ட மணிக்கணக்கு அதற்கு முன்பே வந்தால் அப்போதே மாற்றுங்கள். மீன்பிடித் தடைக்காலத்தில் 61 நாள் கட்டிக்கிடக்கிற படகென்றால் இம்பெல்லரைக் கழற்றி வைப்பது நல்லது. ஒரே இடத்தில் மடங்கிக் கிடக்கும் இறக்கைகள் அப்படியே வளைந்து நின்றுவிடும்.

முதலில் கடல்தண்ணீர் வால்வை மூடுங்கள். மூடியவுடனே இன்ஜின் சாவியை அந்த வால்வின் கைப்பிடியில் மாட்டிவிடுங்கள். சாவியை எடுக்கப் போகும்போது வால்வு ஞாபகம் வரும். வால்வு மூடியிருக்க இன்ஜினை ஓட்டினால், புது இம்பெல்லரும் தண்ணீரில்லாமல் சுற்றி சில நிமிடங்களுக்குள் நாசமாகும்.

பம்புக்கு அடியில் பழைய துணி ஒன்றை விரியுங்கள். மூடியின் திருகுகள் பெரும்பாலும் பித்தளை. அடித்தண்ணீரில் விழுந்தால் காந்தம் போட்டும் எடுக்க முடியாது. திரும்ப மாட்டும்போது ஸ்க்ரூடிரைவர் நுனியில் துளி கிரீஸ் தடவினால் திருகு ஒட்டிக்கொண்டு நிற்கும். கண் போகாத இடத்துக்கு மொபைல் போகும். வெளிச்சத்தைப் போட்டு, கழற்றும் முன்பே ஒரு படம் எடுத்து வையுங்கள்.

பழைய இம்பெல்லரை நடுக்குடத்தில் மூக்குப் பிளையரால் பிடித்து இழுங்கள். ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் பம்பின் உள்சுவர் கீறும். வெளியே வந்ததும் இறக்கைகளை எண்ணுங்கள். ஒன்று குறைந்தால் அந்தத் துண்டு தண்ணீரோடு போய், இன்ஜின் சூட்டைக் கடல்தண்ணீருக்கு மாற்றும் ஹீட் எக்ஸ்சேஞ்சரின் வாயில் அடைத்திருக்கும். ஹோஸைக் கழற்றித் தேடி எடுத்தே ஆக வேண்டும். விட்டுவிட்டால், புது இம்பெல்லர் போட்டும் இன்ஜின் சூடாகிறதே என்று பிறகு தெர்மோஸ்டாட்டைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருப்பீர்கள்.

புதியதை கிளிசரினோ பாத்திரம் கழுவும் சோப்புத் திரவமோ தடவி, பம்பு சுற்றும் திசைக்கே திருகியபடி உள்ளே தள்ளுங்கள். சாதாரண கிரீஸ் வேண்டாம், ரப்பர் ஊறிப்போகும். பேப்பர் காஸ்கெட் பழையதன் தடிமனிலேயே இருக்கட்டும். தடிமன் கூடினால் மூடிக்கும் இறக்கைக்கும் இடையே சந்து விழுந்து உறிஞ்சல் குறையும். வால்வைத் திறந்து ஸ்டார்ட் செய்து அரை நிமிடத்துக்குள் புகைக்குழாயில் தண்ணீர் வர வேண்டும். வராவிட்டால் உடனே நிறுத்துங்கள்.

இத்தனைக்கும் கை போகவே இல்லையென்றால் பம்பையே போல்ட் கழற்றி மேலே கொண்டுவாருங்கள். குருட்டுத்தனமாக ஆறு திருகோடு மல்லுக்கட்டுவதைவிட அது பல படகுகளில் சுலபம்.

கேள்வி: டீசல் ஃபில்டர் மாற்றியதிலிருந்து ஸ்டார்ட் ஆகவில்லை. டீசல் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றலாம் (ஏர் எடுக்கலாம்) என்றால், டாங்கிலிருந்து டீசலை இழுத்துத் தரும் லிஃப்ட் பம்பின் கை லீவர் தொளதொளவென்று ஆடுகிறது. பம்பு போய்விட்டதா?
– வாசகர், இராமேஸ்வரம்

பதில்: பம்பை வாங்க ஓடாதீர்கள். உள்ளே இந்தப் பம்பை அழுத்தி இயக்கும் மேடுள்ள சக்கரம் (கேம்) மேடேறி நின்றால் லீவருக்குப் பிடிப்பே இருக்காது. கிராங்க் புல்லியை ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள், கேம் அரைச் சுற்று நகரும், லீவர் இறுகும்.

ஏர் எடுப்பது டாங்க் பக்கமிருந்து இன்ஜினை நோக்கி: தண்ணீர் பிரிப்பான், ஃபில்டர் தலைத் திருகு, இன்ஜெக்ஷன் பம்பின் திருகு. ஒவ்வொன்றிலும் குமிழி நின்று டீசல் மட்டும் வந்தபிறகே இறுக்குங்கள். அப்புறமும் ஓடவில்லையென்றால் இன்ஜெக்டர் நட்டைச் சற்றுத் தளர்த்தி, திராட்டிலைத் திறந்து, ஸ்டார்ட்டரால் இன்ஜினைச் சுற்றி (கிராங்க் செய்து), டீசல் கொப்பளித்ததும் இறுக்குங்கள். ஒருமுறைக்குப் பத்து விநாடிக்கு மேல் ஸ்டார்ட்டரைப் பிடிக்க வேண்டாம். லீக் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்காதீர்கள். உயர் அழுத்த டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். அட்டைத் துண்டைக் காட்டிப் பாருங்கள்.

மறுநாளும் ஏர் பிடித்தால் திருகுகளின் செம்பு வாஷர்தான் முதல் குற்றவாளி. நசுங்கிய பழையதையே திரும்பப் போட்டிருப்பார்கள். உறிஞ்சும் பக்கத்தில் ஓட்டை இருந்தால் டீசல் வெளியே கசியாமலே காற்று உள்ளே போகும், அதனால் கண்ணில் படாது.

இன்னொன்று. புகைக்குழாயில் தண்ணீர் கலக்கிற இன்ஜினென்றால், நெடுநேரம் கிராங்க் செய்யும்போது கடல்தண்ணீர் வால்வு மூடியிருக்க வேண்டும். இன்ஜின் பிடிக்காதவரை தண்ணீரைத் தள்ளப் புகை இல்லை. சைலன்சர் நிரம்பி, தண்ணீர் சிலிண்டருக்குள் ஏறி, கனெக்டிங் ராடே வளைந்த இன்ஜின்கள் உண்டு. மேலே சொன்ன சாவி யோசனை இந்த வேலைக்கு ஆகாது. வால்வருகே ஓர் ஆளை உட்கார வைத்து, இன்ஜின் பிடித்த கணமே திறக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: எஞ்சினுக்கு அடியில் கை போக இடமில்லை. வடிகால் நட்டைத் தொடாமல் ஒயில் மாற்ற முடியுமா?
– வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: முடியும். பத்து நிமிடம் ஓட்டி ஒயிலைச் சூடாக்கி நிறுத்துங்கள். ஒயில் அளவு பார்க்கும் குச்சி (டிப்ஸ்டிக்) போகும் குழாய் வழியே மெல்லிய குழாயை அடிவரை இறக்கிக் கைப்பம்பால் உறிஞ்சுங்கள். வந்ததை அளந்து கையேட்டுக் கணக்கோடு ஒப்பிட்டால் மிச்சம் தெரியும். ஃபில்டர் படுக்கையாக இருந்தால் பாலிதீன் பையை அதன்மேல் மாட்டிவிட்டே திருகுங்கள். பழைய ரப்பர் வளையம் ஃபில்டர் உட்காரும் இடத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று கட்டாயம் தடவிப் பாருங்கள். இரண்டு வளையம் சேர்ந்தால் ஸ்டார்ட் செய்ததும் ஒயில் முழுக்க வெளியே. புது ஃபில்டர், வளையம் தொட்டபின் கையாலேயே முக்கால் சுற்று.

வடித்த ஒயில் பால் தேநீர் போலிருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. அளவு கூடி, டீசல் வாடை அடித்தால் லிஃப்ட் பம்பின் உள்சவ்வு (டயஃப்ரம்) கிழிந்திருக்கலாம்.

கேள்வி: பெட்ரோல் இன்ஜின் படகு. ஸ்டார்ட்டர் மோட்டார் மாற்ற வேண்டும். கார் ஸ்டார்ட்டர் பாதி விலை, பொருந்தவும் செய்கிறது. போடலாமா?
– வாசகர், சிங்கப்பூர்

பதில்: கூடாது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், படகின் அடியில் போய்த் தேங்கும். கடல் ஸ்டார்ட்டரில் தீப்பொறி வெளியே வராதபடி மூடியிருப்பார்கள், கார் ஸ்டார்ட்டரில் அந்தக் காப்பு கிடையாது. வித்தியாசமெல்லாம் விலையில் மட்டும் இல்லை. எந்த ஸ்டார்ட்டர் இருந்தாலும், சாவியைத் திருப்பும் முன், ஆவியை வெளியேற்றும் விசிறியை (புளோயர்) நான்கு நிமிடமாவது ஓடவிட்டு, இன்ஜின் பெட்டி மூடியைத் திறந்து மோந்து பாருங்கள். வாடை இருந்தால் ஸ்டார்ட் செய்யாதீர்கள். எங்கே கசிகிறது என்று முதலில் தேடுங்கள்.