டிசம்பர் 8, பிரவுனி நாள்: கேள்விகளும் பதில்களும்

அமெரிக்காவில் டிசம்பர் 8ஆம் தேதியைப் பிரவுனி (அடர்த்தியும் ஈரமுமான சாக்லேட் கேக்) நாள் என்று விளையாட்டாகக் கொண்டாடுகிறார்கள். அந்தச் சாக்கில் நம் வீடுகளிலும் ஒரு ட்ரே வேகட்டும் என்று குழுவினர் விரும்பியதால், கோபிசெட்டிபாளையத்தில் வீட்டிலிருந்தபடியே கேக் செய்து விற்கவும் கற்றுக்கொடுக்கவும் செய்கிற நான் இன்று மாலை பதில் சொல்கிறேன். கிரீம் அலங்காரம் பற்றிய கேள்விகளைத் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள். அது என் துறை அன்று.

பெருந்துறையிலிருந்து ஒருவர்: அக்கா, தவறாமல் வருகிற ஓர் அளவைச் சொல்லுங்கள்.

8 அங்குலச் சதுர ட்ரே ஒன்றுக்கு டார்க் சாக்லேட் 150 கிராம், வெண்ணெய் 120 கிராம், சர்க்கரை 200 கிராம், முட்டை 3, மைதா 70 கிராம், கோகோ பவுடர் 30 கிராம், உப்பு ஒரு சிட்டிகை. பேக்கிங் பவுடர் வேண்டாம். சாக்லேட்டையும் வெண்ணெயையும் கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து உருக்கி வெதுவெதுப்பாக ஆறவிடுங்கள். முட்டையையும் சர்க்கரையையும் நிறம் வெளுத்துக் கெட்டியாகும் வரை அடித்து, உருக்கியதை அதில் ஊற்றிக் கலந்து, சலித்த மாவை இறுதியில் சேர்த்து, வெள்ளைத் திட்டுகள் மறைந்ததும் கரண்டியை எடுத்துவிடுங்கள். ஓவனை முன்கூட்டியே 175 டிகிரிக்குச் சூடாக்கி, 22 நிமிடத்திலிருந்து பார்க்கத் தொடங்குங்கள்.

இனி நான் ஒவ்வொரு வகுப்பிலும் சொல்லிச் சலித்த எச்சரிக்கை: நடுவில் குத்திய பல்குச்சி சுத்தமாக வந்தால் உங்கள் பிரவுனியின் நேரம் தாண்டிவிட்டது. ஓரம் இறுகி, நடு இலேசாக ஆட, குச்சியில் ஈரத் துணுக்குகள் ஒட்டும்போதே வெளியே எடுத்துவிட வேண்டும். ட்ரேயில் தங்கியிருக்கும் சூடு மிச்சத்தை வேகவைத்துக்கொள்ளும்.

பவானியிலிருந்து ஒருவர்: இதை முதலில் செய்தவர் யார்?

சிகாகோவின் பால்மர் ஹவுஸ் ஓட்டல், 1893 உலகக் கண்காட்சிக்கு வரும் பெண்களின் உணவுப் பெட்டிக்காக ஓட்டல் உரிமையாளரின் மனைவி பெர்த்தா பால்மர் கேட்டதன்பேரில் தங்கள் சமையலறையில்தான் பிறந்தது என்று உரிமை கொண்டாடுகிறது. அங்கே இன்றும் வால்நட் தூவி ஆப்ரிகாட் பாகு பூசித்தான் பரிமாறுகிறார்கள். அச்சில் தேடினால், அமெரிக்கச் சமையல் நூலாசிரியர் ஃபேன்னி ஃபார்மர் தம் சமையல் நூலின் 1906ஆம் ஆண்டுப் பதிப்பில் சாக்லேட் பிரவுனியைச் சேர்த்திருக்கிறார்.

ஆனைமலையிலிருந்து ஒருவர்: எங்கள் தென்னந்தோப்பில் ஊடுபயிராகக் கோகோ நட்டிருக்கிறோம். சொந்தக் காயிலிருந்தே பிரவுனி செய்ய முடியுமா?

இன்றைய கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். முடியும், ஆனால் நீங்கள் பெறப்போவது கோகோ பவுடர் அன்று என்பதை முதலிலேயே மனத்தில் வையுங்கள். கோகோ விதையின் பருப்பில் ஏறக்குறைய பாதி கொழுப்பு. அதை அழுத்திப் பிழிந்து பிரித்தால்தான் மீதி பொடியாகும். நெதர்லாந்தின் வான் ஹவுட்டன் குடும்பத்தார் 1828இல் அதற்கான அழுத்தி ஒன்றுக்குக் காப்புரிமை பெற்ற பிறகே கோகோ பவுடர் பரவலாயிற்று. வீட்டில் அந்த வசதி கிடையாது என்பதால், விதையை முழுதாக அரைத்த கோகோ விழுதைத்தான் பயன்படுத்த வேண்டும்.

காயை உடைத்து, வெண்சதையோடு கூடிய விதைகளை மரப்பெட்டியிலோ கூடையிலோ வாழை இலையால் மூடி ஐந்தாறு நாள் புளிக்கவிட்டு, இடையிடையே கிளறிக்கொடுங்கள். புளிக்காத விதையில் சாக்லேட் மணம் பிறக்கவே பிறக்காது. அவசரப்படுகிறவர்கள் கோட்டைவிடுவது இந்தக் கட்டத்தில்தான். பிறகு விதை சலசலவென்று ஒலிக்கும் வரை வெயிலில் காயவைத்து, 120 முதல் 140 டிகிரிக்குள் வறுத்து, தோலுரித்து, முறத்தில் புடைத்துக்கொள்ளுங்கள்.

அரைக்க வெளிநாட்டு இயந்திரம் தேடி அலைய வேண்டாம். விதையிலிருந்தே சாக்லேட் செய்கிற சிறு தயாரிப்பாளர்கள் பல நாடுகளில் பயன்படுத்துவது நம் கோவையின் கல் கிரைண்டர் மரபில் உருவான இயந்திரங்களையே. ஆனால் இட்லிக்கு ஆட்டுகிற கிரைண்டரையே இதற்கும் வைத்துக்கொள்ளாதீர்கள்: மணிக்கணக்கில் ஓடும்படி அதன் மோட்டார் செய்யப்பட்டதன்று, மேலும் கல்லில் ஒரு துளி ஈரமிருந்தாலும் விழுது கட்டிதட்டிப்போகும். சாக்லேட்டுக்கென்றே விற்கும் வகையை வாங்குங்கள். அந்த விழுதில் இனிப்பு இல்லை, கொழுப்பு மிகுதி. ஆகவே மேலே சொன்ன சாக்லேட்டுக்குப் பதில் 100 கிராம் விழுது போட்டு, சர்க்கரையை 50 கிராம் கூட்டி, வெண்ணெயை 100 கிராமாகக் குறைத்துத் தொடங்கிப் பாருங்கள்.

காங்கேயத்திலிருந்து ஒருவர்: முட்டை இல்லாமல் செய்ய என்ன வழி?

ஒரு முட்டைக்குக் கால் கப் கெட்டித் தயிர், அல்லது ஒரு மேசைக்கரண்டி ஆளிவிதைப் பொடியை மூன்று மேசைக்கரண்டி நீரில் ஊறவைத்த கூழ். மெதுமையாக வரும். காகிதம் போல் வெடிக்கும் மேல்தோல் மட்டும் வராது. அது முட்டையும் சர்க்கரையும் சேர்ந்து அடிபடுவதால் உருவாவது.

கவுந்தப்பாடியிலிருந்து ஒருவர்: எங்கள் ஊர் நாட்டுச் சர்க்கரையைப் பழனிப் பஞ்சாமிர்தத்துக்கே தேவஸ்தானம் வாங்கிக்கொண்டு போகிறது. கொங்கு நாட்டில் உட்கார்ந்துகொண்டு நீங்கள் ஆலைச் சர்க்கரையைச் சொல்வது நியாயமா?

உங்கள் ஊர்ச் சர்க்கரையின் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை தம்பி. என் வீட்டுக் காப்பியில் விழுவது அதுதான். ஆனால் பிரவுனியில் சர்க்கரை இனிப்புக்காக மட்டும் இல்லை. வெள்ளைச் சர்க்கரை முட்டையில் முழுக்கக் கரைந்து, வேகும்போது மேலே மெல்லிய தாளாகப் படிந்து உலர்கிறது. நாட்டுச் சர்க்கரையில் கழிவுப்பாகும் குளுக்கோஸ், பிரக்டோஸ் ஆகியவையும் தங்கியிருப்பதால், அது ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டு அந்தத் தாளை உலரவிடுவதில்லை. அதே குணத்தால் உட்பகுதி மறுநாளும் ஈரமாக நிற்கும் என்பதையும், கருப்பஞ்சாற்றின் மணம் கோகோவோடு நன்றாக ஒட்டும் என்பதையும் மறுக்கமாட்டேன். ஆகவே 140 கிராம் வெள்ளை, 60 கிராம் நாட்டுச் சர்க்கரை என்று கலந்தால் இரண்டு நன்மையும் கிடைக்கும்.

சத்தியமங்கலத்திலிருந்து ஒருவர்: அவர் சொல்வதே சரி. நாட்டுச் சர்க்கரையாக இருந்தால் சர்க்கரை நோயாளிகளும் அச்சமின்றிச் சாப்பிடலாமே.

இதை மட்டும் நான் அனுமதிக்கமாட்டேன். அதிலும் பெரும்பகுதி வெள்ளைச் சர்க்கரையில் உள்ள அதே சுக்ரோஸ்தான். இரத்தத்தில் சர்க்கரையை அதுவும் ஏற்றும். தாதுக்கள் சிறிதளவு கூடுதலாக இருப்பதால் அது மருந்தாகிவிடாது. நோயுள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யட்டும். என்னையோ கவுந்தப்பாடியையோ சாட்சிக்கு அழைக்க வேண்டாம்.

கவுந்தப்பாடி அன்பர் மீண்டும்: முழுக்க நாட்டுச் சர்க்கரையில் செய்து எங்கள் வீட்டில் மேல்தோல் வந்ததே! என்ன சொல்கிறீர்கள்?

வரலாம். நன்றாகச் சலித்த, ஈரமற்ற புதுச் சர்க்கரையைச் சூடான வெண்ணெயிலேயே கரைத்துவிட்டு முட்டையை நெடுநேரம் அடித்திருப்பீர்கள். பளபளப்பின்றித் தடித்து, ஆறியதும் நமத்துப்போயிருக்குமே, அதைக் கவனித்தீர்களா?

தாராபுரத்திலிருந்து ஒருவர்: இருவரும் சண்டையை நிறுத்திவிட்டுக் கருப்பட்டிக்கு வாருங்கள்.

கருப்பட்டியை நன்றாகத் தட்டி, வெண்ணெயோடு உருக்கி, மண்ணும் தூசியும் போக வடிகட்டாமல் சேர்க்காதீர்கள். மணம் மிகவும் வலியது. நான்கில் ஒரு பங்குக்கு மேல் போட்டால் சாக்லேட் பின்னால் போய்விடும்.

கவுந்தப்பாடி அன்பர் மூன்றாம் முறை: நமத்துப்போனது உண்மை. ஆனாலும் சுவையில் எங்களதே மேல்.

சுவையில் வாதமில்லை. அடுத்தவருக்கு வழிவிடுங்கள்.

உடுமலையிலிருந்து ஒருவர்: ஊத்துக்குளி வெண்ணெய் போடலாமா?

போடலாம். பொதி கட்டி விற்கும் கடை வெண்ணெயில் குறைந்தது 80 விழுக்காடு கொழுப்பு இருக்க வேண்டும் என்பது விதி. கடைந்தெடுத்த வெள்ளை வெண்ணெயில் நீர் கூடுதலாகத் தங்கும், புளிப்பும் இருக்கலாம். குளிர்ந்த நீரில் இரண்டு மூன்று முறை அலசி, கையால் பிசைந்து நீரைப் பிழிந்துவிட்டு நிறுங்கள். உப்பு மறக்க வேண்டாம்.

திருப்பூரிலிருந்து ஒருவர்: மளிகைக் கடையில் கிடைக்கும் சாக்லேட் கட்டி போதுமா?

அட்டையின் பின்புறத்தைப் படியுங்கள். கோகோ வெண்ணெய்க்குப் பதில் தாவர எண்ணெய்க் கொழுப்பு என்று எழுதியிருந்தால் அது காம்பவுண்ட். அலங்காரத்துக்கு அது போதும். பிரவுனியில் மெழுகு தின்றது போல் நாக்கில் படியும். இதைச் சொல்லாமல் ஒரு வகுப்பையும் நான் முடித்ததில்லை.

அவிநாசியிலிருந்து ஒருவர்: ஓவன் இல்லை, குக்கரில் செய்யலாமா?

விசிலையும் கேஸ்கட்டையும் எடுத்துவிட்டு, அடியில் தாங்கி வைத்து, சிறு தீயில் செய்யலாம். சூடு எவ்வளவு என்று தெரியாது என்பதால் 20 நிமிடத்திலிருந்தே குச்சியோடு நில்லுங்கள்.

நம்பியூரிலிருந்து ஒருவர்: முட்டை இல்லாமல் செய்ய முடியுமா?

காங்கேயத்துக்குச் சொன்னதைப் பாருங்கள்.

ஈரோட்டிலிருந்து ஒருவர்: குச்சி சுத்தமாக வரும் வரை வைத்தேன், ஆனாலும் வறண்டுவிட்டதே?

அம்மணி, முதல் பதிலின் கடைசிப் பத்தியை மறுபடி படித்துவிட்டு வாருங்கள்.

சென்னிமலையிலிருந்து ஒருவர்: முட்டை சேர்க்காமல்...

காங்கேயம்.

கோவையிலிருந்து ஒருவர்: துண்டு போடும்போது நொறுங்குகிறது. எத்தனை நாள் வைத்திருக்கலாம்?

சூட்டோடு வெட்டினால் நொறுங்கத்தான் செய்யும். ட்ரேயிலேயே முழுக்க ஆறவிட்டு, ஒரு மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து, வெந்நீரில் நனைத்துத் துடைத்த கத்தியால் வெட்டுங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியைத் துடைக்க வேண்டும். காற்றுப்புகாத டப்பாவில் வெளியே மூன்று நாள், ஃபிரிட்ஜில் ஒரு வாரம். தயிர் சேர்த்ததை மறுநாளே முடித்துவிடுங்கள்.