அவங்க சரித்திரம் என்றீர்களே!

கேள்வி: வர்ஜீனியாவில் ரிச்மண்ட் பக்கம் 14 வருடமாக இருக்கிறோம். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைக்கிறோம். எங்களைப் போல இன்னும் இரண்டு தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்திருக்கின்றன. ஒருவர் கணக்கு, ஒருவர் அறிவியல், சரித்திரம் என் தலையில். 11 முதல் 13 வயது வரை மொத்தம் 5 பிள்ளைகள். ஆகஸ்ட் கடைசியில் ஆரம்பித்து 18 வாரத்தில், ஆங்கிலேயர் முதன்முதலில் நிலையாகக் குடியேறிய ஜேம்ஸ்டவுனிலிருந்து அமெரிக்க அரசியல் சட்டம் வரை முடிக்க வேண்டும். எக்செல்லில் 44 தலைப்பு போட்டு இத்துடன் அனுப்பியிருக்கிறேன். இது போதுமா? எதையாவது விட்டுவிட்டேனா? எந்தப் பாடப்புத்தகம் நல்லது? எனக்கு இந்தச் சரித்திரத்தில் ஆர்வம் குறைவு. குடியுரிமைப் பரீட்சைக்குப் படித்ததோடு சரி. மகள் (12) வேறு, "அப்போ நாம எங்கம்மா இருந்தோம்?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். "நாம அங்க இல்ல, இது அவங்க சரித்திரம், நீ படி" என்று சொல்லி அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவேன். சின்னவனுக்கு (11) இளகிய மனசு, அதனால் கனமான விஷயங்களைக் கொஞ்சம் தவிர்த்திருக்கிறேன். வழி சொல்லுங்கள்.
- ஒரு வாசகி, ரிச்மண்ட்

பதில்: பட்டியலைப் பார்த்தேன். வாரத்துக்கு இரண்டரைத் தலைப்பு என்று பிள்ளைகளுக்கு ஓட்டப்பந்தயம் வைத்திருக்கிறீர்கள். கட்டங்களுக்கு வண்ணம் தீட்டியிருப்பது அழகாக இருக்கிறது. அதற்கு மேல் பாராட்ட என்னிடம் ஒன்றுமில்லை.

இந்தக் கடிதம் எனக்குப் புதிதில்லை. ஊரும் பாடமும் மாறும், மற்றபடி எது போதும், எதை விட்டேன், எந்தப் புத்தகம் என்ற அதே மூன்று கேள்விதான். அவற்றை அப்புறம் பார்க்கலாம். போகிற போக்கில் ஒரு வரி எழுதினீர்களே, "இது அவங்க சரித்திரம்" என்று, அதைத் தாண்டி என்னால் போக முடியவில்லை.

யாரம்மா அந்த "அவங்க"? 14 வருடமாக அங்கே குடியிருக்கிறீர்கள். உங்கள் பிள்ளைகளுக்கு நினைவு தெரிந்த ஊர் அது ஒன்றுதான். வலது கையைத் தூக்கி உறுதிமொழி எடுத்துக் குடியுரிமையும் வாங்கியாயிற்று. வரி கட்டும்போது, ஓட்டுப் போடும்போது, பிள்ளையின் கல்லூரிக்குக் கனவு காணும்போதெல்லாம் "நாங்க". சரித்திரம் என்று வந்தால் மட்டும் "அவங்க"!

என் தாத்தா இறந்த பிறகு அவருடைய டிரங்குப் பெட்டியைத் திறந்தபோது நிலப் பத்திரமும் இருந்தது, அடியில் இரண்டு புரோநோட்டும் இருந்தன. சித்தப்பா நிலத்துக்கு முதல் ஆளாக வந்து நின்றார். நோட்டைக் காட்டியதும் "அது அவர் வாங்கின கடன்" என்றார். என் அப்பா அன்றைக்குச் சித்தப்பாவைப் பார்த்த பார்வையைத்தான் இப்போது உங்கள் கடிதத்தின் மேல் வைத்திருக்கிறேன். ஒரு வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தவர்கள் அந்த வீட்டுக் கடனுக்கும் பொறுப்பு. மருமகளாக வந்தாலும் சரி, குடிமகளாக வந்தாலும் சரி. இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

பரீட்சைக்குப் படித்ததோடு சரி என்கிறீர்கள். நீங்கள் அப்போது படித்த 100 கேள்விகளில், ஐரோப்பியர் வருவதற்கு முன் அமெரிக்காவில் வாழ்ந்தவர்கள் யார் என்று ஒன்று உண்டு. அடிமைகளாகக் கொண்டுவந்து விற்கப்பட்டவர்கள் யார் என்று இன்னொன்றும் உண்டு. அதிகாரி எதிரில் ஒப்பித்துத் தேறிவிட்டீர்கள். இப்போது உங்கள் பட்டியலைப் பாருங்கள். முதல் கேள்வியின் விடையான பூர்வகுடிகள் நவம்பரில் தாங்க்ஸ்கிவிங் பண்டிகை வான்கோழியோடு ஒரு வரியாக வந்து போகிறார்கள். இரண்டாவதின் விடையான ஆப்பிரிக்கர்கள் எங்குமே இல்லை. ஆறாவது வாரத்தில் "தோட்டப் பொருளாதாரம்" என்று ஒரு தலைப்பு. அந்தத் தோட்டத்தில் புகையிலை நட்ட கை யாருடையது என்று அதில் இல்லை. சின்னவனுக்கு இளகிய மனசு என்பதெல்லாம் சாக்கு. "அவங்க" என்று தள்ளி வைத்துவிட்டால் வலிக்கிற இடத்தைத் தொடவே வேண்டாம் பாருங்கள், அந்த வசதிதான் காரணம்.

நீங்கள் இருப்பது சாதாரண மாநிலமில்லை. 1619 கோடையை எடுத்துக்கொள்ளுங்கள். ஜூலை 30 அன்று ஜேம்ஸ்டவுன் தேவாலயத்தில் ஆங்கிலேயக் குடியேறிகளின் பிரதிநிதிகள் முதன்முறையாகச் சபை கூடினார்கள். சட்டசபை, பிரதிநிதித்துவம் என்று இன்றுவரை அந்த நாடு பெருமைப்படுவதற்கு வித்து அங்கே விழுந்தது. ஏறக்குறைய ஒரு மாதம். ஆகஸ்ட் கடைசியில் அதே வர்ஜீனியாவின் பாயின்ட் கம்ஃபர்ட் கரையில் ஒயிட் லயன் என்ற கப்பல் வந்து நின்றது. அங்கோலாவிலிருந்து கடத்தப்பட்ட 20 சொச்சம் ஆப்பிரிக்கர்களை இறக்கிவிட்டு, பதிலுக்கு உணவுப் பண்டம் வாங்கிக்கொண்டு போனது. ஒரே கோடை, ஒரே ஆற்றின் கரை. உங்கள் 44 தலைப்பில் முதலாவது இருக்கிறது, இரண்டாவது இல்லை.

இன்னொன்று சொல்கிறேன், தாயாக இருந்து கேளுங்கள். எலிசபெத் கீ என்று ஒரு பெண். அம்மா ஆப்பிரிக்கர், அப்பா ஆங்கிலேயர். ஆங்கிலேயர் வழக்கப்படி பிள்ளையின் நிலை அப்பன் வழி வரும், அதனால் நான் அடிமையில்லை என்று வழக்குப் போட்டு 1656-ல் விடுதலையும் பெற்றார். ஆறே வருடத்தில், 1662-ல், வர்ஜீனியா சபை சட்டத்தைத் திருப்பிப் போட்டது. பிறக்கும் குழந்தை அடிமையா சுதந்திரமா என்பது இனி தாயின் நிலையைப் பொறுத்தது என்று. எஜமானே தகப்பனாக இருந்தாலும் குழந்தை அவனுடைய உடைமை. வயிற்றில் இருக்கும்போதே விலை போட்டாயிற்று. இந்தச் சட்டத்தை எழுதிய சபை வேறு எதுவுமில்லை, மேலே சொன்ன அதே சபை. இதைப் படிக்காமல் 1776-ன் "எல்லா மனிதரும் சமம்" என்ற பிரகடனத்தைப் பிள்ளைகளுக்குச் சொன்னால் அது வெறும் சுவரொட்டி. அதை எழுதிய ஜெஃபர்சன் தன் வாழ்நாளில் 600-க்கும் மேற்பட்ட மனிதர்களை உடைமையாக வைத்திருந்தவர்.

சின்னவன் அழுவானா? அழட்டும். ஃபில்லிஸ் வீட்லி என்ற ஆப்பிரிக்கச் சிறுமியைப் பற்றிச் சொல்லுங்கள். 1761-ல் பாஸ்டனில் விற்பனைக்கு இறக்கப்பட்டபோது அவளுக்கு முன்பல் விழுந்திருந்தது. அதை வைத்துத்தான் ஏழெட்டு வயது இருக்கும் என்று கணக்குப் போட்டார்கள். கப்பலின் பெயரையே குழந்தைக்கு வைத்துவிட்டார்கள். 1773-ல் அவளுடைய கவிதைத் தொகுப்பு லண்டனில் அச்சானது. உங்கள் மகனுக்கும் முன்பல் விழுந்த நாள் நினைவிருக்கும். ஒன்று மட்டும் கவனம்: கட்டிப்போட்டு நடிப்பது, ஏலம் விடுவதுபோல் விளையாடுவது, இந்த மாதிரி நாடகமெல்லாம் வகுப்பில் வேண்டவே வேண்டாம். நடந்ததை நேராகச் சொல்லுங்கள், நிறுத்துங்கள், அவனைப் பேச விடுங்கள்.

அப்புறம் அந்த வான்கோழி. தாங்க்ஸ்கிவிங் தொடங்கிய இடமாகச் சொல்லும் பிளிமத்தில் 1620-ல் 102 ஆங்கிலேயப் பயணிகளோடு கப்பல் வந்ததும், முதல் குளிரில் பாதிப் பேர் செத்ததும் எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. அவர்களோடு ஆங்கிலத்தில் பேசி, மக்காச்சோளம் நடச் சொல்லிக் கொடுத்த டிஸ்குவாண்டம் என்ற பூர்வகுடி எப்படி ஆங்கிலம் கற்றார் என்று கேட்டீர்களா? 1614-ல் ஒரு ஆங்கிலேயக் கப்பல்காரன் அவரைக் கடத்திக்கொண்டு போய் ஸ்பெயினில் விற்கப் பார்த்தான். அங்கிருந்து இங்கிலாந்து வழியாகத் திரும்பி வந்தபோது அவருடைய ஊரே நோயில் அழிந்து கிடந்தது. சரி, அது மாசசூசெட்ஸ். உங்கள் ஊருக்கு வருவோம். தாங்க்ஸ்கிவிங்குக்கு முந்தின நாள் ரிச்மண்டில் கவர்னர் மாளிகைக்குப் பமன்கி, மட்டபோனி என்ற பூர்வகுடி மக்கள் மான் கொண்டுவந்து கொடுப்பார்கள். 1677-ல் போட்ட ஒப்பந்தப்படி இன்றுவரை வருடா வருடம் நடக்கிறது. 14 வருடமாக அதே ஊர்ப் பக்கம் இருந்துகொண்டு, முன்னோர் காலத்தில் வாழ்ந்து மறைந்தவர்கள் என்று அவர்களைப் பற்றிப் பட்டியலில் எழுதியிருக்கிறீர்கள். கவர்னர் மாளிகை வாசலில் போய் நின்றால் நேரிலேயே பார்க்கலாம்.

இனி உங்கள் மகள். "நாம எங்கம்மா இருந்தோம்?" இந்த 18 வாரத்துக்கும் இதைவிட நல்ல கேள்வியை நீங்கள் யோசித்து வைக்கவில்லை. அதைத்தான் மூடி வைத்தீர்கள்.

1773 டிசம்பரில் பாஸ்டன் துறைமுகத்தில் ஆங்கிலேயர் வரியை எதிர்த்து 342 பெட்டித் தேயிலையைக் கடலில் கொட்டினார்களே, தேயிலை சீனாவுடையது, சரக்கு கிழக்கிந்தியக் கம்பெனியுடையது. 1639-ல் சென்னையில் இடம் வாங்கிக் கோட்டை கட்டிய அதே கம்பெனி. அந்தக் கோட்டையில் 1687 முதல் 1692 வரை கவர்னராக இருந்த எலிஹு யேல் பிறந்தது பாஸ்டனில். சென்னையில் பணம் சேர்த்த இவர் 1718-ல் கனெக்டிகட் கல்லூரி ஒன்றுக்கு 9 பொதி சரக்கு அனுப்பினார். விற்றதில் 562 பவுண்டு கிடைத்தது, கல்லூரிக்கு அவர் பெயரை வைத்தார்கள். இன்றைக்கு நம் ஆட்கள் பிள்ளைக்கு இடம் கிடைக்காதா என்று ஏங்குகிற யேல் அதுதான்.

அமெரிக்க விடுதலைப் போரிலும் நம் கரை உண்டு. யார்க்டவுனில் 1781 அக்டோபரில் சரணடைந்த ஆங்கிலேயத் தளபதி கார்ன்வாலிஸ் ஐந்து வருடத்தில் இந்தியாவுக்கு கவர்னர் ஜெனரலாக வந்தார். 1792-ல் திப்புவின் இரண்டு பிள்ளைகளைப் பணயமாக வாங்கியவர் அவர்தான். பென்சில்வேனியாக்காரர்கள் தங்கள் போர்க்கப்பல் ஒன்றுக்கு ஹைதர் அலி என்றே பெயர் வைத்து, 1782-ல் டெலவேர் விரிகுடாவில் ஆங்கிலேயக் கப்பலைப் பிடித்தார்கள். எதிரிக்கு எதிரி! யார்க்டவுனோடு எல்லாம் முடிந்ததாகப் பாடப்புத்தகம் சொல்லும். ஆனால் அமெரிக்காவுக்காகக் களத்தில் இறங்கிய பிரான்ஸும் இங்கிலாந்தும் 1783 ஜூன் 20 அன்று நம் கடலூருக்கு எதிரே கடலில் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. ஐரோப்பாவில் ஜனவரியிலேயே சமாதானத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். செய்தி கப்பலில் வந்துசேரவில்லை.

இதைச் சொன்னதும் மகளுக்குக் கண் விரியும். உங்களுக்கும் பெருமை வரும். அங்கேயே முடித்துக்கொண்டால் என்னிடம் இன்னொரு முறை திட்டு வாங்குவீர்கள். ஆப்பிரிக்கக் கரையில் மனிதர்களை விலைக்கு வாங்க ஐரோப்பிய வியாபாரிகள் கொடுத்த பண்டங்களில் இந்தியப் பருத்தித் துணி முக்கியமானது. சோழமண்டலக் கரைத் துணியும் அதில் சேர்த்தி. நெய்தவனுக்கு அது எங்கே போகிறது என்று தெரியாது. ஆனால் "நாம எங்கே இருந்தோம்" என்று கேட்ட பிள்ளைக்கு அந்தத் தறியையும் காட்ட வேண்டும். 1635-ல் வர்ஜீனியா நிலப் பதிவு ஒன்றில் டோனி என்ற வேலையாள் "கிழக்கிந்தியன்" என்ற குறிப்போடு வருகிறார். அவர் தமிழரா தெலுங்கரா என்று நான் கதை கட்டப் போவதில்லை. நீங்களும் கட்டாதீர்கள்.

சரி, உங்கள் 18 வாரம். 44-ஐ அழித்துவிட்டு ஒரு டஜன் போதும். முதல் மூன்று வாரம் எந்தக் கப்பலும் வராமல் பூர்வகுடிகளான பவ்ஹாட்டன் மக்களின் நாடாகவே வர்ஜீனியா இருக்கட்டும். பிறகு ஜேம்ஸ்டவுன், பசியில் செத்த 1609-10 குளிர்காலம், புகையிலை. 1619-க்கும் 1662-க்கும் சேர்த்து மூன்று வாரம் கட்டாயம். மற்ற குடியேற்றங்களை இரண்டு வாரத்தில் ஓட்டிவிடலாம், தளபதிகளின் பெயர்ப் பட்டியலை விட்டுவிட்டால் போருக்கும் இரண்டு வாரம் போதும். இங்கிலாந்தோடு நடந்த வரித் தகராறுக்கு நேரம் கொடுங்கள், பிள்ளைகள் நன்றாக வாதாடுவார்கள். அரசியல் சட்டம் எழுதிய 1787 ஃபிலடெல்பியாவில் நிதானமாக நில்லுங்கள். அடிமைகளுக்கு ஓட்டு கிடையாது. ஆனால் எஜமானர்களின் மாநிலத்துக்கு சபையில் இடம் கூட்டுவதற்கு மட்டும் ஐந்து பேரை மூன்று பேராகக் கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள். கணக்கு எடுக்கும் அம்மாவை அன்றைக்குக் கூப்பிட்டு, கணக்கு மாறினால் எந்த மாநிலத்துக்கு லாபம் என்று போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

பாடப்புத்தகம் எதுவானாலும் சரி. சுதந்திரப் பிரகடனம், 1662 சட்டம், 1677 ஒப்பந்தம் இவற்றின் மூல வரிகளைப் பிள்ளைகள் தாங்களே வாசிக்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை.

வகுப்பு தொடங்குமுன் ஒரு சனிக்கிழமை பாட்டு வகுப்பு, நடன வகுப்பு எல்லாவற்றுக்கும் விடுமுறை சொல்லிவிட்டு ஹாம்ப்டனுக்குக் கிளம்புங்கள். பாயின்ட் கம்ஃபர்ட் அங்கேதான் இருக்கிறது, ஒன்றரை மணி நேரம் காரில். புளிசாதம் கட்டிக்கொள்ளுங்கள், கடற்கரையில் உட்கார்ந்து சாப்பிடலாம். மகள் கேட்டதை இன்னொரு தடவை கேட்கச் சொல்லி, இந்த முறை பதில் சொல்லுங்கள். சின்னவனையும் கூட்டிப் போங்கள். இளகிய மனசு என்று அவனை வீட்டில் விட்டுவிட்டுப் போனதாகத் தெரிந்தால் அடுத்த கடிதத்துக்குப் பதில் கிடையாது.