மாதிரியா, முழுப் பட்டியலா?

கேள்வி: வேலைக்கான விண்ணப்பத்தில் ‘ஐ ஹேவ் ஸ்கில்ஸ் சச் அஸ் டைப்பிங், அக்கவுன்டிங், எட்ஸெட்ரா’ என்று எழுதியிருந்தேன். படித்துப் பார்த்த நண்பர், ‘சச் அஸ்’ வந்தால் ‘எட்ஸெட்ரா’ வரக் கூடாது என்று அடித்துவிட்டார். எல்லாரும் இப்படித்தானே எழுதுகிறார்கள்? இதெல்லாம் ஒரு தப்பா?

பதில்: எல்லாரும் எழுதுகிறார்கள், உண்மைதான். நண்பர் அடித்ததும் சரிதான். ‘சச் அஸ்’ என்றதுமே, பின்னால் வருபவை சில மாதிரிகள், இன்னும் இருக்கின்றன என்று சொல்லியாகிவிட்டது. ‘எட்ஸெட்ரா’ அதையே இரண்டாம் தடவை சொல்கிறது. தவிர, அதற்குள் என்னென்ன திறமைகளை ஒளித்து வைத்திருக்கிறீர்கள் என்று வேலை கொடுப்பவர் உட்கார்ந்து யோசிக்கப் போவதில்லை. இருந்தால் பெயர் சொல்லி எழுதுங்கள்.

நீங்கள் கேட்காத இன்னொரு தப்புதான் எங்களை அதிகம் படுத்துகிறது. ‘தேர் ஆர் த்ரீ ஸ்டேட்ஸ் ஆஃப் மேட்டர் சச் அஸ் சாலிட், லிக்விட் அண்ட் கேஸ்.’ மூன்று என்று எண்ணிக்கையும் சொல்லி, மூன்றையும் வரிசையாக அடுக்கியும் விட்ட பிறகு அங்கே மாதிரிக்கு என்ன வேலை? ‘நேம்லி’ போடலாம். அல்லது ‘மேட்டர்’ என்பதற்குப் பிறகு ஒரு முக்காற்புள்ளி வைத்தாலே போதும். இந்தப் பழக்கம் தமிழிலிருந்தே கூட வருகிறதோ என்று எனக்குச் சந்தேகம். ‘திட, திரவ, வாயு போன்ற மூன்று நிலைகள்’ என்று கூசாமல் எழுதுகிறோமே! எண்ணி முடித்துவிட்டால் ‘ஆகிய’, மிச்சம் இருந்தால் ‘முதலிய’ அல்லது ‘போன்ற’ என்று தமிழ் அழகாகப் பிரித்து வைத்திருக்கிறது. அதை மதிக்கிறவருக்கு ஆங்கிலத்திலும் இந்த இடத்தில் கை தவறாது. ‘சச் அஸ்’ எழுதும் முன், பட்டியலில் இல்லாத இன்னொன்றை உங்களால் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லையா, எடுத்துவிடுங்கள்.

அப்புறம், முன்னால் நிற்கும் சொல்லையும் கவனியுங்கள். ‘ஐ ஒர்க்ட் இன் மெனி கம்பெனீஸ் சச் அஸ் கிளார்க் அண்ட் கேஷியர்’ என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். கிளார்க் எப்போது கம்பெனி ஆனார்? முன்னால் சொன்ன இனத்தைச் சேர்ந்தவைதான் பின்னால் வர வேண்டும். அவசரத்தில் இது யாருக்கும் நழுவும் என்பதால், எழுதி முடித்ததும் அந்த இரண்டு பக்கத்தையும் ஒட்டி ஒரு முறை படித்துவிடுவது நல்லது.

‘சச் அஸ்’ஸுக்குப் பின்னால் முக்காற்புள்ளி வேண்டாம். அதை வைத்துப் புது வாக்கியம் தொடங்கி, நாலு பெயர்ச்சொற்களோடு முற்றுப்புள்ளி வைக்கவும் வேண்டாம். தனி வாக்கியமாகச் சொல்ல வேண்டுமென்றால் ‘ஃபார் எக்ஸாம்பிள்’ இருக்கிறது. அதற்குப் பின்னால் ஒரு காற்புள்ளி, பிறகு வினையோடு கூடிய முழு வாக்கியம். ‘இ.ஜி.’ என்பதும் உதாரணத்துக்குத்தான். ‘ஐ.இ.’ என்றால் ‘அதாவது’. இரண்டையும் மாற்றிப் போட்டால் பொருளே மாறிவிடும்.

‘லைக்’ போடலாமா என்று அடுத்த கடிதம் வருவதற்குள் சொல்லிவிடுகிறேன். பேச்சில் தாராளமாகப் போடுங்கள். எழுத்தில் சில கறார் பேர்வழிகள், ‘லைக்’ என்றால் ‘அதைப் போன்ற வேறு’ என்று மட்டுமே பொருள் கொண்டு சண்டைக்கு வருவார்கள். அவர்கள் சொல்வது முழுக்கச் சரி என்று நான் நினைக்கவில்லை. ஆனால் உங்கள் விண்ணப்பத்தைப் படிப்பவர் அப்படிப்பட்ட ஒருவராக இருந்துவிட்டால்? ‘சச் அஸ்’ஸே இருக்கட்டும்.