கம்பெனி தள்ளாடுகிறது, கிராஜுவிட்டிக்கு இன்னும் எட்டு மாதம்: இருப்பதா, கிளம்புவதா?

சம்பளம் இரண்டு மாதமாகத் தள்ளித் தள்ளி வருகிறது, ஐந்து வருடம் முடித்தால் கிடைக்கும் பணிக்கொடையான கிராஜுவிட்டிக்கு இன்னும் எட்டு மாதம் இருக்கிறது என்கிறீர்கள். முதலில் பிஎஃப் பாஸ்புக்கைத் திறந்து பாருங்கள். ஒரு மாதத்துப் பணத்தை அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும். சம்பளச் சீட்டில் பிடித்தம் இருந்து பாஸ்புக்கில் வரவில்லை என்றால், உங்கள் பணத்தை வைத்தே நிர்வாகம் நாட்களை ஓட்டுகிறது. அதற்கப்புறம் 'புது முதலீட்டாளர் வருகிறார்' கதையைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம்.

நான் இருந்த ஓர் இடத்தில் எனக்கு முதலில் உறைத்தது தண்ணீர் கேன். பாக்கி சேர்ந்ததும் கேன் போடுகிறவர் வருவதை நிறுத்திவிட்டார். ஆளாளுக்கு வீட்டிலிருந்து பாட்டில் கொண்டுவந்தோம். மேலாளர் மட்டும் அடுத்த காலாண்டு இலக்கைப் பேசிக்கொண்டிருந்தார்!

கிராஜுவிட்டிக் கணக்கு இதுதான்: மாத அடிப்படைச் சம்பளத்தோடு அகவிலைப்படி இருந்தால் அதையும் சேர்த்து, 26ஆல் வகுத்து, 15ஆலும் வருடங்களாலும் பெருக்க வேண்டும். ஐந்து வருடத்துக்கு ஏறக்குறைய அந்த மாதத் தொகையைப் போல மூன்று மடங்கு. அதற்காக எட்டு மாதச் சம்பளத்தைப் பணயம் வைப்பீர்களா?

திவாலானால் சட்டம் பார்த்துக்கொள்ளும் என்றும் இருந்துவிடாதீர்கள். ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலில் பறப்பதை நிறுத்தியது. அதன் சொத்துகளை விற்றுக் கலைக்க உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது 2024 நவம்பரில், ஐந்தரை வருடம் கழித்து.

சரி, வேறு வேலை கையில் இல்லையென்றால் ராஜினாமா செய்யாமல் தேடுங்கள். சம்பளச் சீட்டுகள், நியமனக் கடிதம், எல்லாவற்றையும் இன்றே சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பி வையுங்கள்.