நகர மையப் பகுதிகளைப் பாதுகாப்பாகவும் நடக்க ஏற்றவையாகவும் மாற்ற நகரத் திட்டமிடலால் என்ன செய்ய முடியும்?

இந்தக் கேள்விக்கு வழக்கமாக வரும் பதில் ஒன்று உண்டு. நடைபாதையை அகலப்படுத்துங்கள், மரம் நடுங்கள், மக்களிடம் விழிப்புணர்வு ஏற்படுத்துங்கள் என்பார்கள். முதல் இரண்டில் எனக்குத் தகராறு இல்லை. மூன்றாவதில் துளியும் நம்பிக்கை இல்லை. சாலைச் சந்திப்புகளின் வரைபடங்களோடு மல்லுக்கட்டுவதையே பிழைப்பாகக் கொண்டவன் என்ற முறையில் சொல்கிறேன், ஓட்டுநர் பலகையைப் படித்து வேகத்தைத் தீர்மானிப்பதில்லை. சாலையைப் பார்த்துத்தான் தீர்மானிக்கிறார். நேராகவும் அகலமாகவும் கிடக்கும் சாலையின் ஓரத்தில் ‘30’ என்று எழுதிய பலகையை நட்டுவிட்டு, யாரும் விதியை மதிப்பதில்லை என்று புலம்பிப் பயனில்லை.

அகலத்தையும் வேகத்தையும் தொடுவதற்கு முன்னால் கேட்க வேண்டியது வேறு. பல திட்ட அறிக்கைகள் அதைக் கேட்காமலேயே தாண்டிப் போய்விடுகின்றன. மையப் பகுதிக்குள் ஓடும் வண்டிகளில் எத்தனை அங்கே வேலை இருந்து வந்தவை? எத்தனை இந்த முனையில் நுழைந்து அந்த முனையில் வெளியேறப் போகிறவை? கடைக்கு வருகிறவர், சரக்கு இறக்குகிறவர், நோயாளியை மருத்துவமனைக்கு அழைத்து வருகிறவர் என்று பலருக்கு அங்கே வேலை இருக்கிறது. ஊடே போகிறவருக்கு அந்தத் தெரு வெறும் குறுக்குவழி. நிற்கவோ வாங்கவோ பார்க்கவோ அவருக்கு அங்கே எதுவும் இல்லை. சிக்னல் பச்சையாவதற்குள் தாண்டிவிட வேண்டும் என்பதே அவர் கவலை. இவர்களை வேறு வழியில் திருப்பாமல் நடைபாதைக்கு மட்டும் கிரானைட் பதிப்பது, என்னைக் கேட்டால், பணத்தைச் சாலையில் கொட்டுவதுதான்.

நெதர்லாந்தின் குரோனிங்கன் நகரம் 1977இல் இதற்கு ஒரு வழி கண்டது. மையப் பகுதியை நான்கு துண்டுகளாகப் பிரித்தார்கள். எந்தத் துண்டுக்கும் காரில் வரலாம். ஆனால் ஒரு துண்டிலிருந்து அடுத்ததற்குக் காரில் நேராகப் போக முடியாது. வெளியே வந்து, சுற்றுச்சாலையில் போய், மறுபடி நுழைய வேண்டும். நடப்பவரும் சைக்கிளில் போகிறவரும் நேராகவே போகலாம். வர வேண்டியவரை யாரும் தடுக்கவில்லை, குறுக்குவழியின் லாபத்தை மட்டும் எடுத்துவிட்டார்கள். பெல்ஜியத்தின் கென்ட் நகரம் 2017 ஏப்ரலில் இதே உத்தியைக் கையாண்டது. கார் இல்லாத மையம் ஒன்று, அதைச் சுற்றி ஆறு பிரிவுகள். இதற்கு மேம்பாலமோ சுரங்கமோ கட்ட வேண்டியிருக்கவில்லை. ஒருவழிப் பலகைகள், சில தடுப்புகள், வண்டி எண்ணைப் படிக்கும் கேமராக்கள் ஆகியவற்றைக் கொண்டே பெரும்பகுதி நடந்தது. கான்கிரீட் இல்லாத திட்டத்தைத் திறந்து வைத்து ரிப்பன் வெட்ட முடியாது என்பதால்தானோ என்னவோ, பல இடங்களில் இதற்கு ஆதரவாளர்கள் கிடைப்பதில்லை.

அடுத்தது, மிஞ்சும் வண்டிகளின் வேகம். இதில் ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். குழந்தை ஒன்று சாலையில் இறங்குவதைக் கண்டு ஓட்டுநர் பிரேக்கை மிதிக்க ஒரு விநாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 30 கிலோமீட்டரில் வரும் கார் அந்த ஒரு விநாடியில் 8 மீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக ஓடிவிடும். காய்ந்த சாலையில் நின்று அடங்க இன்னும் 5 மீட்டர் தேவை. ஆக மொத்தம் ஏறக்குறைய 13 மீட்டர். 50 கிலோமீட்டரில் வரும் காரோ அந்த முதல் விநாடியிலேயே ஏறக்குறைய 14 மீட்டரைக் கடந்துவிடுகிறது. அதாவது, முதல் கார் முழுதாக நின்றுவிட்ட இடத்தில் இரண்டாவது கார் இன்னும் பிரேக்கைத் தொடக்கூட இல்லை. குழந்தை அந்த இடத்தில் இருந்தால் கார் முழு வேகத்தில் மோதும். சராசரி வேகம் 1 சதவீதம் கூடினால் உயிர் போகும் விபத்துக்கான வாய்ப்பு 4 சதவீதம் கூடுகிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதன் பின்னால் இருப்பது இந்த இயற்பியல்தான்.

பாதிக்கும் மேற்பட்ட தெருக்களில் 30 கிலோமீட்டர் வரம்பு வைத்திருக்கும் ஹெல்சிங்கி நகரில், 2024 ஜூலையிலிருந்து 2025 ஜூலை வரையிலான ஓராண்டில் சாலை விபத்தில் ஒருவர்கூட இறக்கவில்லை. வரம்பு மட்டும் இதைச் சாதிக்கவில்லை. தெருக்களின் வடிவமும் கேமராக்களும் பொதுப் போக்குவரத்தும் சேர்ந்தே சாதித்தன. வடிவம் என்று நான் சொல்வது பெரும்பாலும் சாதாரண விஷயங்கள். 3.5 மீட்டர் தடம் நெடுஞ்சாலைக்குப் பொருந்தும். நகர மையத்துக்கு 3 மீட்டர் போதும். நான்கு தடச் சாலையில் ஒவ்வொன்றிலும் அரை மீட்டர் எடுத்தால் 2 மீட்டர் மிஞ்சுகிறது, இரு பக்க நடைபாதைக்கும் ஆளுக்கொரு மீட்டர். எந்தக் கட்டடத்தையும் இடிக்க வேண்டியதில்லை. தடம் குறுகியவுடன் ஓட்டுநரின் கால் தானாகவே ஆக்சிலரேட்டரிலிருந்து எழும்பும். வேகத்தடையை நான் கடைசியாகத்தான் பரிந்துரைப்பேன். அது தப்பாக வரைந்த சாலைக்குப் பிற்பாடு போடும் ஒட்டு.

நடப்பவரின் உயிர் பல சமயம் தெருமுனையில்தான் பணயம் வைக்கப்படுகிறது. ஒரு முனையைக் கிட்டே போய்ப் பாருங்கள். நடைபாதையின் விளிம்பிலுள்ள ஓரக்கல் எப்படி வளைகிறது? பெரிய லாரிகள் தாராளமாகத் திரும்ப வேண்டும் என்று 10 மீட்டர் ஆரத்தில் அகலமாக வளைத்திருந்தால், கார்கள் அந்த வளைவில் வேகம் குறையாமலே திரும்பும். நடப்பவர் கடக்க வேண்டிய தூரமும் கூடுகிறது, ஏனென்றால் வளைவு நடைபாதையின் மூலையைத் தின்றுவிடுகிறது. அதே முனையை 3 அல்லது 4 மீட்டர் ஆரத்துக்குக் குறுக்கிவிட்டால், கார் ஏறக்குறைய நின்று திரும்ப வேண்டியிருக்கும். ஓட்டுநரின் கண்ணும் நடப்பவரின் கண்ணும் சந்திக்க நேரம் கிடைக்கும். பிறகு, முனையை ஒட்டி வண்டி நிறுத்தியிருக்கிறார்களா என்று பாருங்கள். அங்கே ஒரு வேன் நின்றால் போதும், அதன் பின்னாலிருந்து இறங்கும் சிறுவன் சாலையில் கால் வைக்கும்வரை யார் கண்ணுக்கும் படமாட்டான். அமெரிக்காவின் ஹோபோக்கன் என்ற சிறு நகரம், தெருமுனைகளை ஒட்டிய இந்த இடங்களில் வண்டி நிறுத்த முடியாதபடி கம்பங்களும் சைக்கிள் நிறுத்தங்களும் செடிகளும் வைத்து மறித்தது. 2017க்குப் பிறகு பல ஆண்டுகள் அந்நகரில் சாலை மரணமே நிகழவில்லை. வேறு நடவடிக்கைகளும் அங்கே உண்டு, ஆனால் இது அவற்றில் மிக மலிவானவற்றுள் ஒன்று.

அதே முனையில் இன்னும் பார்க்க வேண்டியவை உண்டு. சாய்தளம் ஜீப்ரா கிராசிங்குக்கு நேராக இறங்குகிறதா, அல்லது சக்கர நாற்காலியைச் சந்திப்பின் நடுவே தள்ளிவிடுகிறதா? அதன் வாயிலேயே மின்கம்பமோ விளம்பரப் பலகையோ நிற்கிறதா? மழைநீர் எங்கே தேங்குகிறது? வரைபடத்தில் இவை எதுவும் தெரியாது. நடந்து பார்த்தால் மட்டுமே தெரியும்.

சிக்னல்களிலும் இதே கதைதான். வினாடிக்கு 1.2 மீட்டர் நடப்பார்கள் என்று வைத்து நேரம் ஒதுக்குவது நெடுங்கால வழக்கம். 20 மீட்டர் சாலையைக் கடக்க அந்தக் கணக்கில் 17 விநாடி போதும். வினாடிக்கு 0.8 மீட்டர் நடக்கும் முதியவருக்கு 25 விநாடி வேண்டும். அவர் கடைசித் தடத்தில் இருக்கும்போது வண்டிகள் உறுமத் தொடங்கிவிடும். நடுவில் நின்று இளைப்பாற ஒரு நடுத்திட்டு, வண்டிகளுக்குப் பச்சை விழுவதற்கு 3 முதல் 7 விநாடி முன்பே நடப்பவருக்குப் பச்சை ஆகிய இரண்டும் அதிகச் செலவில்லாமல் செய்யக்கூடியவை. திரும்பும் வண்டி வருவதற்குள் நடப்பவர் சாலை நடுவே தெளிவாகத் தெரிவார்.

நடை மேம்பாலத்தைப் பற்றிக் கேட்பவர்களுக்கு என் பதில் சுருக்கமானது. அது நடப்பவருக்காகக் கட்டப்படுவதில்லை. வண்டி நிற்காமல் போவதற்காக நடப்பவரை மாடிப்படி ஏறச் சொல்கிறது. சாலை மட்டத்தில் கடக்க வழி கொடுங்கள்.

இதுவரை சொன்னது வண்டிகளிடமிருந்து பாதுகாப்பு. மனிதர்களிடமிருந்து பாதுகாப்பு என்று இன்னொன்று இருக்கிறது. இரவு ஒன்பது மணிக்குத் தனியாக நடக்கத் தயங்கும் பெண்ணுக்கு ஓரக்கல்லின் ஆரம் முக்கியமில்லை. தெருவைப் பாதுகாப்பது முதலில் அதன் மீது இயல்பாகப் படும் கண்கள்தான் என்று, நகரங்களைப் பற்றி எழுதிய ஜேன் ஜேக்கப்ஸ் 1961இல் சொன்னார். அந்தக் கண்கள் எங்கிருந்து வரும்? தரைத்தளக் கடை, அதற்கு மேலே குடியிருப்பு, தெருவைப் பார்த்த ஜன்னல். நூறு மீட்டருக்கு நீளும் மொட்டை மதில், பார்க்கிங் கட்டடம், அலுவலகம் மூடியதும் இருண்டுபோகும் கண்ணாடிக் கோபுரம் ஆகியவை கண்ணில்லாத தெருக்களை உருவாக்குகின்றன. ஆகவே, மையத்தில் வீடு கட்ட அனுமதிக்கும் நில உபயோக விதியும், தரைத்தளத்தில் வாசலும் ஜன்னலும் கட்டாயம் என்ற விதியும் பாதுகாப்பு விதிகளே. விளக்குகளில் ஒரு நுணுக்கம் உண்டு. மிக உயரத்தில் பொருத்திய விளக்கு சாலைக்கு வெளிச்சம் தருகிறது. நடைபாதையில் மரத்தின் நிழல் விழுகிறது. நடப்பவருக்குத் தேவை, எதிரே வருபவரின் முகம் தெரியும்படி தாழ்வாகவும் நெருக்கமாகவும் அமைந்த விளக்கு. வியன்னாவில் மரியாஹில்ஃப் மாவட்டத்தைப் பெண்களின் அன்றாட நடையை மனதில் வைத்து மாற்றியமைத்தபோது விளக்கு, நடைபாதை அகலம், உட்கார இடம், படிகளுக்குப் பக்கத்தில் சாய்தளம் என்று சில்லறையாகத் தோன்றும் விஷயங்களில்தான் கை வைத்தார்கள்.

கார்களை அடியோடு தடை செய்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பவர்களும் உண்டு. அவர்களுக்கு அமெரிக்க அனுபவத்தைச் சொல்ல வேண்டும். 1959இல் கலமசூவில் தொடங்கி, அங்கே ஏராளமான நகரங்கள் கடைத்தெருவை நடப்பவருக்கு மட்டும் என்று அறிவித்தன. பெரும்பாலானவை பின்னர் வண்டிகளுக்கே திரும்பத் திறந்துவிடப்பட்டன. சிகாகோவின் ஸ்டேட் தெரு 1979இல் தனியார் கார்களுக்கு மூடப்பட்டு 1996இல் திறக்கப்பட்டது. ஃபிரெஸ்னோவில் 1964இல் மூடியதை 2017இல் திறந்தார்கள். இவற்றில் பல இடங்களில் காரணம் ஒன்றே. நடக்கும் தூரத்தில் யாரும் குடியிருக்கவில்லை. குடியிருந்தவர்கள் புறநகருக்குப் போய்விட்டார்கள். ஆளில்லாத இடத்தில் காரையும் எடுத்துவிட்டால் வெறுமைதான் மிஞ்சும்.

எதிர்மாறாக, கோபன்ஹேகன் 1962இல் ஸ்ட்ரோகெட் தெருவை நடப்பவருக்கு விட்டபோது வணிகர்கள் எதிர்த்தார்கள். சுற்றிலும் மக்கள் வாழ்ந்த நகரம் அது, தெரு நிலைத்தது. ஸ்பெயினின் பொன்டெவெத்ரா 1999 முதல் மையத்தை ஏறக்குறைய முழுதாகவே நடப்பவருக்கு மாற்றியது. அவசர வண்டி, சரக்கு வண்டி, அங்கே குடியிருப்பவரின் வண்டி வரலாம். ஊடே போக முடியாது, தெருவில் நிறுத்திவிட்டுப் போகவும் முடியாது. மெட்ரோ ரயில் வரைபடம்போல ஒன்றை அச்சிட்டு, எந்த இடத்திலிருந்து எந்த இடத்துக்கு எத்தனை நிமிட நடை என்று குறித்திருக்கிறார்கள். பெரும்பாலான தூரங்கள் தாம் நினைத்ததைவிடக் குறைவு என்பது அதைப் பார்க்கிறவருக்கு உடனே தெரிந்துவிடும்.

வணிகர்களின் எதிர்ப்பை அலட்சியப்படுத்தக் கூடாது. ஆனால் அவர்களுடைய ஊகத்தை அப்படியே எடுத்துக்கொள்ளவும் கூடாது. பிரிட்டனின் பிரிஸ்டலில் நடந்த ஓர் ஆய்வில், தங்கள் வாடிக்கையாளர்களில் 41 சதவீதம் பேர் காரில் வருவதாகக் கடைக்காரர்கள் நினைத்தார்கள். வாடிக்கையாளர்களையே கேட்டபோது வந்த விடை 22 சதவீதம். வாசலில் கார் நிறுத்த இடம் கேட்டு வாதாடும் கடைக்காரர், பல சமயம் வாதாடுவது தன் காருக்கான இடத்துக்காக.

தொடக்கத்தைத் தற்காலிகமாகச் செய்வது நல்லது. நியூயார்க் 2009இல் டைம்ஸ் சதுக்கத்தின் ஒரு பகுதியை மூடியபோது முதலில் போட்டது மடக்கு நாற்காலிகளைத்தான். நிரந்தரத் தளமும் இருக்கைகளும் பின்னால் வந்தன. இடையில் அப்பகுதியில் நடப்பவர்களின் காயங்கள் 35 சதவீதம் குறைந்திருப்பது தெரிந்திருந்தது. ஒரு நிபந்தனை மட்டும் உண்டு. மாற்றுவதற்கு முன்னால் எண்ணிவிடுங்கள். எத்தனை பேர் நடக்கிறார்கள், எத்தனை பேர் நிற்கிறார்கள், அவர்களில் முதியவர், குழந்தை, பெண் எத்தனை, வண்டிகளின் வேகம் என்ன என்பதையெல்லாம் காலையில், மாலையில், இரவில், விடுமுறை நாளில் என்று தனித்தனியே குறித்து வையுங்கள். முதல் சில வாரங்களில் ஓட்டுநர்கள் வழி தெரியாமல் குழம்புவார்கள், சுற்றியுள்ள தெருக்கள் நெரியும், புகார்கள் குவியும். அந்த வாரங்களின் எண்களை வைத்து எந்த முடிவும் எடுக்கக் கூடாது. குறைந்தது ஓர் ஆண்டு கழித்து அதே மாதத்தில், அதே நேரத்தில் மறுபடி எண்ணி, இரண்டு பட்டியல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பொதுவில் வெளியிடுங்கள்.